அரை மாடி, முழு வளையம்

1

ஞாயிற்றுக்கிழமை மாலை மொட்டை மாடியில் இருந்தவர்கள்: தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில், வீட்டுக்காரர். மாடிப்படியின் கடைசிப் படியில், வரவா போகவா என்பது போல் பாதி திரும்பி, அவர் மனைவி. கூரைக்கென்று வாங்கி அடுக்கியிருந்த இரும்புக் குழாய்களின் மேல், வெல்டர். கவிழ்த்துப் போட்ட ரொட்டிப் பெட்டியின் மேல், அண்ணி. நான் உட்காரவில்லை. தொலைநோக்கியின் அடிப்பெட்டி ஆடாமல் இருக்க அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அண்ணன் வரவில்லை. அவர் கப்பலில் வேலை பார்க்கிறார். அந்த நேரத்தில் எந்தக் கடலில் இருந்தார் என்று எங்களுக்குத் தெரியாது.

யார் எங்கே இருந்தார்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுவது என் பழக்கம். பள்ளியில் எங்களுக்குக் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்த ஆசிரியர், "படிக்கிறவனுக்கு முதல்ல ஒரு நாற்காலி போடு, அப்புறம் சேதி சொல்லு" என்பார். பம்பு கம்பெனியில் கடிதப் போக்குவரத்தைப் பார்த்துக்கொள்பவன் நான். இன்றுவரை நாற்காலி போடாமல் ஒரு கடிதமும் எழுதியதில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை, அண்ணனுக்கு எழுதிய கடிதம். தொலைபேசியில் அவர், "சனிக்கிரகத்தைப் படத்திலயே பார்த்துக்கலாமே, அதுக்கு எதுக்கு இவ்வளவு பாடு?" என்று கேட்டிருந்தார். அண்ணி என்னிடம், "நடந்ததை நடந்தபடி எழுதுங்க தம்பி" என்றார். எழுதினேன். இரண்டாம் பக்கத்தில் வீட்டுக்காரர் என்னைக் கேட்காமலே பேச ஆரம்பித்துவிட்டார். அதற்குப் பிறகு அதைக் கடிதம் என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது.

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன். அடித்தவற்றையும் காட்டுகிறேன்.

ஒன்று: "வானம் எல்லோருக்கும் பொது." (வீட்டுக்காரர் படித்தால், பொதுவில் நம் பங்கு எத்தனை சதுரடி என்று கேட்பார். எதையும் சதுரடியில் அளப்பதால் அவருக்கு எங்கள் வீட்டில் சதுரடி என்றுதான் பெயர். இனி இங்கேயும் அப்படியே.)

இரண்டு: "ரொட்டிக் கடை அடுப்பின் முன் நிற்கிற பெண்ணுக்கு நட்சத்திரங்களின் மேல் ஆசை வந்தால்—" (கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுதுகிற ஆளைப் போல் இருக்கிறது. அண்ணி அப்படிப்பட்டவரும் இல்லை. அவருக்கு வந்தது ஆசை இல்லை, பிடிவாதம்.)

மூன்று: "திங்கட்கிழமை கூரை வருகிறது."

இதுதான் சரி. சதுரடி, மொட்டை மாடி முழுவதற்கும் தகரக் கூரை போட்டு, கிடங்காக வாடகைக்கு விட முடிவு செய்திருந்தார். எங்கள் வீட்டில் சன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். தெருவில் நின்றால் விளக்குக் கம்பங்கள். அண்ணிக்கு வானம் என்று இருந்தது அந்த மாடி மட்டும்தான். அதை மூடிவிட்டால், தொலைநோக்கிக்காக அவர் கையால் தேய்த்த கண்ணாடி கட்டிலுக்கு அடியில் போய்விடும். அண்ணி போய்ப் பேசினார். சதுரடி தன் மனைவியின் முன்னால் வாக்குக் கொடுத்தார்:

"அந்தக் கக்கூஸ் குழாயில சனிக்கு வளையம் தெரிஞ்சா, கூரையைப் பாதியோட நிறுத்திடறேன். தெரியலன்னா, கூரை ஏறும்போது குழாய் இறங்கிடணும்."

கக்கூஸ் குழாய் என்றதில் பொய் இல்லை. தொலைநோக்கியின் உடம்பு, கட்டட வேலையில் மிஞ்சிய அகலமான பிளாஸ்டிக் கழிவுக்குழாய்தான்.

3

(இந்தப் பகுதியைத் தாண்டிப் போக நினைக்கிறவர்கள் போகலாம். ஆனால் அண்ணியின் மணிக்கட்டு இதில்தான் இருக்கிறது.)

இரண்டு தடித்த கண்ணாடி வட்டுகள். ஒன்று பீப்பாயின் மேல் அசையாமல் இருக்கும். அதன் மேல் உரசும் தூளையும் தண்ணீரையும் விட்டு, இன்னொன்றை வைத்துத் தள்ளித் தள்ளி இழுத்து, பீப்பாயைச் சுற்றிச் சுற்றி வரவேண்டும். மேலே இருப்பது மெல்லக் குழியும், கீழே இருப்பது புடைக்கும்.*

*ஏன் என்று கேட்டால்: மேல் வட்டு ஓரத்தைத் தாண்டித் தொங்கும்போது அதன் நடுவில்தான் அழுத்தம் அதிகம். இதை நான் படித்துத் தெரிந்துகொண்டேன். அண்ணி, "மாவு பிசைஞ்சே தெரிஞ்சுவச்சிருந்தேன்" என்றார். நம்புவதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

குழிந்த வட்டை மெருகேற்றி, அலுமினியப் பூச்சுக்கு அனுப்பினோம். அது திரும்பி வருவதற்குள் கண்ணை வைத்துப் பார்க்கிற வில்லையை, அதாவது ஐபீசை, வாங்க வேண்டும். இருந்த காசுக்கு, நாலு என்று எண் போட்ட ஒரே ஒரு ஐபீஸ் வாங்கலாம். அல்லது இருபத்தைந்து, பத்து என்று சாதாரணமாக இரண்டு வாங்கலாம். நம் பெரிய கண்ணாடி எவ்வளவு தூரத்தில் ஒளியைக் குவிக்கிறதோ (எங்களுடையதற்கு ஆயிரத்து இருநூறு மில்லிமீட்டர்), அதை ஐபீசின் எண்ணால் வகுத்தால் எத்தனை மடங்கு என்று வரும். எண் சின்னதானால் மடங்கு பெரிது.

விலைப்பட்டியலை எட்டிப் பார்த்த சதுரடிக்குப் பொறுக்கவில்லை.

"முந்நூறு மடங்கு காட்டுறேன்னு ஒருத்தன் சொல்றான். அதை விட்டுட்டு ஏம்மா நாப்பத்தெட்டுக்குப் போறீங்க?"

"மாவு அதே மாவுதானே சார்? இழுத்துக்கிட்டே போனா ரொட்டி பேப்பராயிடும்."

கண்ணாடி பிடிக்கிற ஒளி அவ்வளவுதான். அதைப் பெரிதாக்கினால் மங்கும். அதோடு காற்றின் நடுக்கமும் முந்நூறு மடங்கு ஆடும். நான் அப்போதே அண்ணியின் பக்கம்தான் இருந்— (இல்லை. நான் நாலாம் எண்ணின் பக்கம் இருந்தேன். அண்ணி என்னைக் கேட்காததால் பிழைத்தோம்.) இரண்டு வாங்கினோம். இருபத்தைந்து தேடிப் பிடிக்க, பத்து உட்கார்ந்து பார்க்க.

4

பூச்சுக்குப் போன கண்ணாடி வெள்ளிக்கிழமைதான் வந்தது. சனிக்கிழமை மாலை, சனியைப் பார்க்கப் பொருத்தமான கிழமை என்று நானே ஒரு சிரிப்பை மனதில் தயாரித்துக்கொண்டு மாடி ஏறினேன். அதைச் சொல்ல வாய்ப்பு வரவில்லை.

முதலில் நிலாவுக்குத் திருப்பினோம். சதுரடி குனிந்தார், நிமிர்ந்தார், வெறுங்கண்ணால் வானத்தைப் பார்த்தார், மறுபடி குனிந்தார்.

"ஏம்மா, மேல ஒண்ணுதானே இருக்கு? இதுல ரெண்டு தெரியுதே!"

ரெண்டுதான். ஒரு நிலாவின் தோளில் வெளிறிப்போன இன்னொரு நிலா சாய்ந்திருந்தது. சனிக்குத் திருப்பினால், எண்ணெய் தேய்த்த தட்டில் வைத்த விளக்கு மாதிரி ஒரு தீற்றல்.

"ஒண்ணு கேட்டா ரெண்டு தர்றீங்க. ரொம்பத் தாராளம்" என்றார் சதுரடி. வெல்டர் எங்கள் கால்களுக்கு நடுவே டேப்பைப் பிடித்துக் கூரைக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தார்.

அண்ணி குழாயின் வாய்க்குள் கைவிட்டு, சரிவாக நிறுத்தியிருந்த சின்னக் கண்ணாடியைக் கழற்றினார். பெரிய கண்ணாடி குவித்து அனுப்பும் ஒளியைப் பக்கவாட்டில் ஐபீசுக்குத் திருப்பிவிடுவது இதுதான். அதன் மேல் நகத்தை வைத்தார். நகத்துக்கும் அதன் பிம்பத்துக்கும் நடுவில் ஓர் இடைவெளி தெரிந்தது.

"தம்பி, கண்ணாடிக்காரருக்கு என்னன்னு எழுதிக் கொடுத்தீங்க?"

"நீங்க சொன்னதைத்தான் அண்ணி. தட்டையான கண்ணாடி ஒண்ணுன்னு."

"அலமாரிக் கண்ணாடியை வெட்டிக் கொடுத்திருக்கார். ரசம் பின்பக்கம் இருக்கு."

முகம் பார்க்கிற கண்ணாடியில் ரசம் பூசுவது பின்புறம். முன்புறத்துக் கண்ணாடி தன் பங்குக்குக் கொஞ்சம் ஒளியைத் திருப்பிவிடுகிறது. அதுதான் இரண்டாம் நிலா. சன்னலில் இருப்பது கண்ணாடி, மூக்கில் இருப்பது கண்ணாடி, அலமாரியில் இருப்பதும் கண்ணாடி. அண்ணி சொன்னதும் சரி, நான் எழுதியதும் சரி, கண்ணாடிக்காரர் வெட்டியதும் சரி. மூன்று சரிகள் சேர்ந்து ஒரு கூரையைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டன.

5

இந்த இடத்தில் சதுரடியை வில்லனாக்கப் பார்த்தேன். "அவர் மாடி அதிரச் சிரித்தபடி—" என்று எழுதி நிறுத்திவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. படி இறங்கப் போனவர் திரும்பி, "அந்த ரெண்டாவது நிலா எங்கேயிருந்தும்மா வந்துச்சு?" என்று கேட்டார். அண்ணி நகத்தை வைத்துக் காட்டினார். அவரும் தன் நகத்தை வைத்துப் பார்த்தார். வில்லன்கள் நகம் வைத்துப் பார்ப்பதில்லை. அந்தப் பாத்திரத்தை அப்போதே இழந்துவிட்டேன்.

"வெல்டர் வேலையை ஆரம்பிக்கிறது திங்கட்கிழமைதான். நாளைக்கு ஒரு நாள் இருக்கு" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

முன்பக்கம் ரசம் பூசிய கண்ணாடி ஞாயிற்றுக்கிழமை எங்கே கிடைக்கும்? காலையில், இரவெல்லாம் ஒழுங்காகத் தூங்கி எழுந்து, பல் துலக்கும்போது எனக்குத் தோன்றியது. (யோசனைகள் நள்ளிரவில்தான் வரும் என்று எழுதுகிறவர்களுக்கு இதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.) நான் எழுதும் கடிதம் ஒவ்வொன்றுக்கும் தெருமுனைக் கடையில் நகல் எடுப்பேன். அந்த மெஷினுக்குள்ளும் கண்ணாடிகள் உண்டு. ஆனால் என் எழுத்து ஒரு நாளும் இரண்டாக விழுந்ததில்லையே!

நகல் கடையின் பின்புறம் ஒரு செத்த மெஷின் கிடந்தது. அதன் மேல் கடைக்காரர் டீ டம்ளர் வைத்திருந்தார். டம்ளரை எடுத்துக்கொண்டு, "தாராளமாப் பிரிச்சுக்குங்க, ஆனா மறுபடி மாட்டித் தர்றேன்னு சொல்லாதீங்க" என்றார். உள்ளே நீளமாக, பட்டையாக ஒரு கண்ணாடி. அண்ணி நகத்தை வைத்தார். நகமும் பிம்பமும் நுனியோடு நுனி தொட்டுக்கொண்டன.

"ஒட்டுது தம்பி!"

அதே கண்ணாடிக்காரரிடம் எடுத்துப் போனோம். இந்த முறை நான் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. அண்ணி பக்கத்திலேயே நின்று வெட்டி வாங்கினார்.

6

ஆக, ஞாயிறு மாலைக்கு நாற்காலிகள் முதலிலேயே போட்டாயிற்று. நிலா ஒன்றாகிவிட்டது, ஓரம் கத்தி போல் வந்தது. அண்ணி குழாயைச் சனியின் பக்கம் தள்ளி, இருபத்தைந்தால் பிடித்து, பத்துக்கு மாற்றினார். பார்த்தார். பெட்டியிலிருந்து எழுந்து நின்றுகொண்டார்.

வெல்டர் பார்த்துவிட்டு நேராகக் குழாயின் முன்வாய்க்குப் போய் எட்டிப் பார்த்தார். "உள்ளே ஏதாவது ஸ்டிக்கர் ஒட்டியிருக்கீங்களா அக்கா?"

படியில் இருந்த வீட்டுக்கார அம்மா முழுதாக மாடிக்கு வந்தார். குனிந்தவர் நிமிராமலே கணவரைக் கூப்பிட்டார். "ஏங்க, வாங்க. வந்து நீங்களே பாருங்க."

சதுரடி நாற்காலியை விட்டு எழவில்லை. "சனியை நான் பார்க்கலாம். அது என்னைப் பார்க்கக் கூடாதே."

"பயப்படாதீங்க சார். இந்தக் குழாய்ல இந்தப் பக்கமிருந்து பார்த்தாத்தான் எதுவும் பெரிசு. அந்தப் பக்கமிருந்து பார்த்தா நீங்க ரொம்பச் சின்னவர், கண்ணுக்கே தெரிய மாட்டீங்க" என்றார் அண்ணி.

அவர் மனைவி சிரித்த சிரிப்பில் வெல்டரும் சேர்ந்துகொண்டார். சதுரடி வந்தார், குனிந்தார். ஐபீசில் அவர் கண் ஒட்டிக்கொண்டது போல் இருந்தது.

"அய்யோ, நகர்ந்து போகுதும்மா!"

"அது போகல சார். நாமதான் சுத்திக்கிட்டிருக்கோம். உங்க மாடியும் சேர்ந்து."

"மொத்தச் சதுரடியுமா?"

"மொத்தமும்."

அண்ணி விரலால் குழாயை ஒரு தட்டுத் தட்டி, சனியைத் திரும்பக் கொண்டுவந்து கொடுத்தார். அவர் அதில் கண்ணை வைத்தபடியே, பின்னால் கையை நீட்டி வெல்டரைத் தேடினார்.

"பாதியோட நிறுத்திடு."

"எந்தப் பாதி சார்?"

"இவங்க நிக்கிற பாதியை விட்டுடு. அந்தத் தண்ணித் தொட்டி மறைக்குதா பாரு, அதையும் அந்தப் பக்கம் தள்ளிடலாம்."

அண்ணி இரண்டு கைகளையும் இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். அடுப்பிலிருந்து ஒரு தட்டு ரொட்டியும் பொன்னிறமாக வெளியே வரும்போது நிற்கிற நிலை அது.

7

முடிவுக்குச் சில யோசனைகள் வைத்திருந்தேன். அண்ணன் கப்பலிலிருந்து வந்து பார்ப்பது போல் ஒன்று. சதுரடி தினமும் பொழுது சாயும்போது கதவைத் தட்டி, "இன்னிக்கு என்னம்மா இருக்கு?" என்று கேட்பது போல் ஒன்று. (இரண்டாவது நிஜமாகவே நடக்கிறது. அதனால் அதை முடிவு என்று சொல்ல முடியாது.)

கவனித்திருப்பீர்கள்: வளையம் எப்படி இருந்தது என்று நான் சொல்லவே இல்லை. சொன்னேன், முழுப் பக்கம் எழுதினேன். நல்ல பக்கம். அண்ணி படித்துவிட்டு, "நல்லாயிருக்கு. அடிச்சிடுங்க" என்றார்.

"ஏன் அண்ணி?"

"உங்க அண்ணனை எனக்குத் தெரியும். இதைப் படிச்சா, பார்த்த மாதிரியே இருக்குன்னு சொல்லிட்டு அங்கேயே உட்கார்ந்துக்குவார். வந்து பார்க்கட்டும்."

அடித்துவிட்டேன். கடிதம் இப்போது இப்படி முடிகிறது: "வளையம் எப்படி இருந்தது என்றால்,"

காற்புள்ளிக்குப் பிறகு ஒன்றும் இல்லை. மீதியை அண்ணன் வந்து முடிக்கட்டும். உங்களுக்கும் அதேதான். பாதி மாடி திறந்திருக்கிறது, பத்தாம் எண் ஐபீஸ் அண்ணியின் டப்பாவில் இருக்கிறது.

தெருமுனைக் கடையில் ஒரு நகல் எடுத்தேன். எழுத்து ஒன்றாகவே விழுந்தது. நீங்கள் படிப்பது அந்த நகலை வைத்து எழுதியதைத்தான். மூலத்தை மடித்து உறையில் போட்டேன். ஓரத்தை அண்ணி கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினார், வட்டைத் தேய்த்த அதே அழுத்தத்தோடு. கப்பல் கம்பெனியின் முகவரியை ஒருமுறை சரிபார்த்து, தபால்பெட்டிக்குள் போட்டுவிட்டேன்.