இன்னும் வந்து சேராத நீர்

1

இந்தக் கதை எனக்குப் பந்தியில் கிடைத்தது. இரண்டாயிரத்தொன்பதின் கடைசியில், டோர்ட்முண்டில் ஒரு கலியாண வீடு. பக்கத்துக் கதிரையில் சுபானி. அகதியாய் வந்த தாய் தகப்பனோடு சின்ன வயதில் இங்கே வந்து வளர்ந்தவள். டிரெஸ்டனில் நிலத்தடி நீரை ஆராய்கிறாள். “என்ன வேலை பிள்ளை?” என்று ஒப்புக்குத்தான் கேட்டேன். அவள் சொல்லி முடிக்கையில் என் பாயசம் ஆறிப்போயிருந்தது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: “பாலைவனத்தின் நடுவே வெள்ளிச் சரிகைபோல் ஓர் ஆறு—”

அடித்துவிட்டேன். அந்த ஆற்றை நான் பார்த்ததில்லை. அவளும் பார்த்ததில்லை.

2

கடல் கடந்து ஒரு பாலைவன ஊர். (எந்த நாடென்று சுபானி சொன்னாள்; நான் எழுதப்போவதில்லை.) மழை அங்கே விருந்தாளி மாதிரி, எப்போதாவதுதான். ஆனாலும் அந்த ஆறு கடுங்கோடையிலும் ஓடும். நிலத்தடி நீர் கசிந்து கசிந்து அதை ஓட வைக்கிறது.

ஊர் பெருத்தது. ஆற்றுக்கு வெகு தொலைவில் ஆழ்குழாய்க் கிணறுகள் இரவும் பகலும் இறைத்தன. ஆறு மெலிந்தது. கிணறுகளை மூடினால் ஆறு எப்போது தேறும்? இதைக் கண்டுசொல்லும்படி ஊர்ச்சபை டிரெஸ்டன் ஆய்வுக்கூடத்தைக் கேட்டது. வேலை சுபானியிடம் வந்தது.

அந்த நிலத்தையும் நீரையும் கணினிக்குள் கட்டி எழுப்பி, கிணறுகளையெல்லாம் ஒரேயடியாக மூடிப் பார்த்தாள். ஆறு தேறவில்லை. இன்னும் வற்றியது.

“மாடல்ல ஏதோ தப்புடி. திரும்ப ரன் பண்ணு,” என்றாள் கூட வேலை செய்த மதுமதி, கோயம்புத்தூர்க்காரி.

திரும்ப ஓட்டினாள். அதே விடை. அப்போதுதான் உறைத்தது. இறைத்த இடத்தைச் சுற்றி நிலத்தடி நீரில் ஒரு பள்ளம் விழுகிறது. பம்பை நிறுத்தினாலும் பள்ளம் நிற்பதில்லை. தன்னை நிரப்பிக்கொள்ள நாலாபுறமும் நீரை இழுத்தபடி அகன்றுகொண்டே போகிறது. யாரோ எந்தக் காலத்திலோ இறைத்த இறைப்பு, இனிமேல்தான் ஆற்றைத் தொடப்போகிறது.

“மயிர் கூச்செறிஞ்சது அக்கா,” என்றாள் சுபானி. “மண்ணுக்குள்ள இவ்வளவு பெரிய ஒண்டு சத்தமே இல்லாமல் நடந்துகொண்டிருக்குது. நான் தேத்தண்ணியும் கையுமா அதைப் பாத்துக்கொண்டு இருக்கிறன். கும்பிட வேணும்போல இருந்தது.”

(கும்பிட்டாளா? கேட்க மறந்துபோனேன்.)

3

வழியும் அவளே கண்டாள். ஊருக்கும் ஆற்றுக்கும் நடுவே ஒரு நிலப்பட்டை. எப்போதாவது வரும் வெள்ளத்தை அங்கே வரம்பு கட்டி மறித்து மண்ணுக்குள் இறக்கினால், கீழே நீராலேயே ஒரு மேடு எழும்பும்.* அந்த மேடு பள்ளத்தை மறித்து நிற்கும். மெல்ல ஆற்றுக்கும் ஊட்டும்.

* நிலத்துக்கடியில் நீர் மேடாக நிற்குமா? நிற்குமாம். இரண்டு தரம் கேட்டுவிட்டேன்.

விடை கேட்க ஊர்ச்சபைத் தலைவர் பீலிக்ஸ் டிரெஸ்டனுக்கு வந்தார். என் முதல் வரைவில் அவர் தொந்தியும் தங்க மோதிரமும் உள்ள—

“இல்லை அக்கா,” என்று சுபானி சிரித்தாள். “மெலிஞ்ச மனிசன். குளிருக்கு ரெண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்தவர்.”

பேச்சு ஆங்கிலத்தில் நடந்தது. தமிழில் தருகிறேன்.

“மூடினால் எப்போது தேறும்?”

“முதலில் இன்னும் வற்றும். உங்கள் காலம் முழுக்க வற்றலாம். எந்தக் கோடையில் எவ்வளவு என்று இந்தக் கணக்கில் இருக்கிறது.”

நிலப்பட்டையைத் திரையில் காட்டினாள். அவர் முகம் கறுத்தது. “அங்கே வீடு கட்டித் தருகிறேன் என்று சொல்லித்தான் நான் தேர்தலில் வென்றேன்.”

பிறகு அந்தப் பட்டையிலிருந்து ஆறுவரை திரையில் விரலால் அளந்தார்.

“நாங்கள் இறக்கும் நீரும் இதேபோல் மெதுவாகத்தான் போகுமா?”

“ஆமாம்.”

“அப்படியென்றால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே தொடங்கவேண்டும்,” என்று எழுந்து, ஊருக்குப் பேசத் தொலைபேசி எங்கே என்று கேட்டார்.

4

சொன்னபடி செய்தார். கிணறுகள் ஒவ்வொன்றாய் மூடப்பட்டன. வீட்டுத் திட்டம் வேறு பக்கம் போனது. வரம்புகள் எழுந்தன. ஆறோ கோடைக்குக் கோடை சுருங்கியது. ஊர் முதலில் சிரித்தது, பிறகு கொதித்தது.

கலியாணத்துக்கு முந்தின கிழமை சுபானிக்கு அவரிடமிருந்து அழைப்பு. பின்னால் கூட்டத்தின் இரைச்சல். கிணறுகளைத் திறக்கச் சொல்லி வாசலில் நிற்கிறார்களாம்.

“ஒன்று மட்டும் சொல். அந்த நீர் வந்துகொண்டிருக்கிறதா?”

“வந்துகொண்டிருக்கிறது. நீங்கள் காணமாட்டீர்கள்.”

அவர் சொன்னார்: “எவ்வளவு வற்றும் என்று சொன்னாயோ, அவ்வளவுதான் வற்றியிருக்கிறது. அதற்குமேல் இல்லை. அதையே இவர்களிடம் சொல்லட்டுமா?”

“சொல்லுங்கோ,” என்றாள் சுபானி. பதற்றத்தில் தமிழ் வந்துவிட்டதாம். அவருக்கு எப்படியோ விளங்கிவிட்டது.

5

ஒரு முடிவு: கூட்டம் காது கொடுக்கவில்லை. பம்புகள் மறுபடி உறுமுகின்றன.

இன்னொரு முடிவு: ஆற்றில் நீர் பெருகுகிறது, கிழவர் பீலிக்ஸ் கரையில் மண்டியிட்டு— (கை கூசுகிறது. விடுகிறேன்.)

உண்மையில் தெரிந்தது இவ்வளவே: அவர் பேசினார், அன்றைக்குக் கூட்டம் கலைந்தது. கிணறுகள் மூடியே இருக்கின்றன. இதற்குமேல் எதை எழுதினாலும் பொய். நான் இந்த வரியை எழுதும்போதும், நீங்கள் இதை வாசிக்கும்போதும், அந்த நீர் மணலுக்கும் களிமண்ணுக்கும் நடுவே, ஒரு பூனைகூடத் திரும்பிப் பார்க்காத அமைதியில், நகர்ந்துகொண்டிருக்கிறது. அது ஆற்றை எட்டும் நாளில் நான் இருப்பேனோ தெரியாது.

நீங்கள் என்னைவிட இளையவர் என்றால், ஒரு கடுங்கோடையில் அங்கே போங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு ஆற்றுக்குள் இறங்குங்கள். காலுக்குக் கீழே என்ன இருந்தது என்பதை நீங்கள் எழுதுங்கள்.