பத்து மணிச் சத்தம்

வியாழக்கிழமை காலை பத்தே காலுக்கு அண்ணி எனக்கு நான்காவது முறையாகப் போன் செய்தார். முந்தைய மூன்று நாளும் நான் எடுக்கவில்லை. எடுத்தால் "எல்லாம் நல்லா ஓடுதா?" என்பார். "ஓடுது" என்பேன். "நிஜமாவா?" என்பார். பதினெட்டு வருஷமாக ஜாவாவில் நிரல் எழுதிக் குப்பை கொட்டுகிறவளிடம் கேட்கிற கேள்வியா அது? எரிச்சல் வரத்தான் செய்யும்.

அண்ணி மருந்தாளர். சுகாதார நிலையத்தின் தடுப்பூசிக் குளிர் அறை அவர் பொறுப்பு. அறை இரண்டு டிகிரிக்கும் எட்டு டிகிரிக்கும் நடுவே இருக்க வேண்டும். எட்டைத் தாண்டினால் சைரன் அலற வேண்டும். அலறாமல் மருந்து கெட்டால் பதிவேட்டில் இருப்பது அண்ணியின் கையெழுத்து. அவர் வேலை போகும், வரிசையில் நிற்கும் குழந்தைகளுக்கு ஊசி இருக்காது. வெப்பநிலையைக் கவனித்துச் சைரனுக்குச் சொல்லும் நிரலை எழுதியது நான்.

அந்த நிரல் ஆறு வருஷமாக ஒரு பெரிய சர்வரில், கன்டெய்னர் என்கிற ஏற்பாட்டுக்குள் ஓடியது. அதற்குள் நிரலின் பாகங்கள் தனித்தனிப் பொட்டலங்களாக இருக்கும். ஒரு பாகம் 'எனக்கு இன்னது வேண்டும்' என்று எழுதி வைத்தால் போதும். கன்டெய்னர் தரகர் போல அதைத் தேடிப் பிடித்துச் சேர்த்து வைக்கும். ஆனால் தரகர் கண் விழிக்கவே ஏழு நிமிஷம் ஆகும். சர்வர் இருந்த அறையை எக்ஸ்ரே பிரிவுக்குக் கொடுத்துவிட்டதால், நிரலை உள்ளங்கை அளவுக் கணினி ஒன்றுக்கு மாற்றச் சொன்னார்கள். தரகரைக் கழற்றிவிட்டேன். எதற்கு எது என்று ஒரே கோப்பில் நானே எழுதி, சாதாரண ஜாவா நிரலாக ஓடவிட்டேன். மூன்றே வினாடி! ஒரு பிழைச் செய்திகூட வரவில்லை. ஞாயிறு மாலை பழைய சர்வரை அணைக்கச் சொல்லிவிட்டு, மறுநாள் அலுவலகம் முழுக்கப் பீற்றிக்கொண்டேன்.

நான்காவது போனை எடுத்தேன்.

"நாலு நாளா பத்து மணிச் சத்தம் வரலை" என்றார் அண்ணி.

"என்ன சத்தம்?"

"சைரன் தினமும் பத்து மணிக்கு ஒரு தடவை கீச்சுனு கத்துமே. உயிரோட இருக்கேன்னு சொல்ற மாதிரி."

"அப்படி எதுவும் நான் எழுதலையே அண்ணி."

"யார் எழுதினாங்களோ, ஆறு வருஷமா கத்திட்டிருந்துச்சு."

அவர் நினைப்பு தப்பு என்று காட்டிவிட்டு வரலாம் என்றுதான் போனேன். குளிர் அறைக் கதவுக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, மடியில் நோட்டோடு உட்கார்ந்திருந்தார். சோதிக்கக் கதவைத் திறந்து வைக்கிறேன் என்றதற்கு முறைத்தார். அதனால் உள்ளே இருந்த வெப்ப உணர்கருவியை மட்டும் வெளியே இழுத்துக் கைக்குள் பொத்திப் பிடித்தேன். மடிக்கணினியில் எண் ஏறியது. எட்டு, பன்னிரண்டு, இருபத்தாறு. 'எச்சரிக்கை' என்று என் நிரல் ஒழுங்காகத் தன் பதிவில் எழுதியது. சுவரில் இருந்த சைரன் மூச்சு விடவில்லை.

பழைய சர்வரின் வன்தட்டைக் குடைந்ததில் விஷயம் பிடிபட்டது. சைரனை ஒலிக்க வைக்கும் பாகம் எங்கள் கோப்புகளிலேயே இல்லை. முன்பு என்னோடு வேலை பார்த்து, வேறு வேலைக்குப் போய்விட்ட மீசைக்காரர் ஒருவர், அதைத் தனிப் பொட்டலமாகச் செய்து நேராகக் கன்டெய்னருக்குள் போட்டிருந்தார். பத்து மணிச் சத்தமும் அவர் கைவேலைதான். கன்டெய்னர் இருந்தவரை அதுவே கண்டுபிடித்துச் சேர்த்துக்கொண்டது. அவரைத் திட்ட வாயெடுத்தேன். அதற்குள் என் வரி கண்ணில் பட்டது. 'சைரன் கிடைத்தால் சொல், கிடைக்காவிட்டால் பரவாயில்லை.' அதை எழுதியபோது சைரன் வாங்கியிருக்கவில்லை. அது வரும்வரை நிரல் நிற்கக் கூடாதே என்று எழுதினேன், பிறகு மாற்றலாம் என்று. மாற்றவேயில்லை. இப்போது தேடித் தரத் தரகர் இல்லை. பரவாயில்லை என்று நான் சொன்னதை நம்பி நிரலும் பேசாமல் இருந்துவிட்டது.

அந்தப் 'பரவாயில்லை'யை அழித்துவிட்டு ஓடவிட்டேன். சைரன் இல்லை, தொடங்க முடியாது என்று நிரல் அடம்பிடித்து நின்றது. பிழைச் செய்தியைப் பார்த்து நான் நிம்மதி அடைந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. மீசைக்காரரின் பாகத்தைக் கொண்டுவந்து கோப்பில் சேர்த்தேன். மறுபடி உணர்கருவியைப் பொத்திப் பிடித்தேன். சைரன் அலறிய அலறலில் பக்கத்து அறையில் யாரோ எதையோ கீழே போட்டார்கள்.

அப்போதுதான் அண்ணியின் மடியில் இருந்த நோட்டை வாங்கிப் புரட்டினேன். திங்கள் பத்தே காலில் தொடங்கி, கால் மணிக்கு ஒரு தடவை அறையின் வெப்பநிலை. எல்லாம் கையால் எழுதியது.

"இது எதுக்கு அண்ணி?"

"சைரன் கத்தலைன்னா யாராவது பார்த்துக்கிட்டு இருக்கணும்ல? ராத்திரிக்குக் காவலாளிகிட்ட சொல்லி வெச்சேன். அந்தக் கோழிக் கிறுக்கல் அவரோடது."

"மேல சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா உன் தலைதானே உருளும். நீ ஒரு தடவை போனை எடுத்தா முடிஞ்சுடுமேன்னு பார்த்தேன்."

எனக்கு அழுகை வந்தது. அங்கிருந்தே என் மேலாளருக்குப் போன் செய்து, நாலு நாளாகச் சைரன் செத்துக் கிடந்ததையும், அது என் வரியால்தான் என்பதையும் சொன்னேன். வாங்க வேண்டியதை வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அண்ணி அன்றும் நாற்காலியை விட்டு எழவில்லை. "நாளைக்குப் பத்து மணி ஆகட்டும்" என்றார். இந்த முறை எனக்குக் கோபம் வரவில்லை. வெள்ளிக்கிழமை ஒன்பதே முக்காலுக்கே போய் அவர் பக்கத்தில் நின்றேன். பத்து மணிக்குச் சைரன் கீச்சென்றது. அண்ணி கடைசியாக ஒரு வரி எழுதி நோட்டை மூடினார்.

"இனிமே நான் கூப்பிட்டா எடுப்பியா?"

"எடுக்கறேன் அண்ணி. எடுக்கலைன்னா பரவாயில்லைன்னு விட்டுடாதீங்க."

"விட்டா என்ன ஆகும்னு தெரியாதா" என்று முனகிக்கொண்டே எழுந்தார். நாலு நாள் உட்கார்ந்ததில் கால் மரத்துப் போயிருந்தது. நாற்காலியை நான் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் நடந்தேன்.