கூடத்தில் இறங்கிய நாரைகள்

மூலக்குளத்தில் ராஜாங்கம் கட்டிய புது வீட்டின் கூடத்தில், 2003ஆம் வருடம் ஐப்பசியின் முதல் மழை விட்ட காலையில், ஒரு கூட்டம் நாரைகள் மீன் பிடித்தன. கூடத்தில் தண்ணீர் இல்லை, வெள்ளை டைல்ஸ்தான் இருந்தது. வாசல் வழியாக வரிசையாக நடந்துவந்த நாரைகள், சோபாவுக்கும் டிவிக்கும் நடுவே, தண்ணீரில் நடப்பதுபோலக் காலைத் தூக்கித் தூக்கி வைத்து, டைல்ஸுக்குள் அலகை விட்டுக் கெண்டையும் கெளுத்தியுமாக எடுத்தன. டைல்ஸில் ஒரு கீறல் விழவில்லை.

ராஜாங்கத்தின் மனைவி தனக்கொடி துடைப்பத்தோடு போனாள். நாரைகள் ஒதுங்கி வழிவிட்டன. அவள் தாண்டியதும் பழைய இடத்துக்கே வந்து நின்றன. பொங்கலுக்கு முன்னால் கிளம்பிப் போனவை மறு ஐப்பசியில் திரும்பி வந்தன. குட்டையைத் தூர்த்து மனை போட்ட சங்கதியை அதுங்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது என்றார் பக்கத்து வீட்டுக் கோவிந்தராசு. எதிர்வீட்டுக்காரர், க்சாவியே என்று பெயர், பிரெஞ்சு ராணுவப் பென்ஷன்காரர். வெயில்காலம் முழுக்கப் பிரான்சில் மகன் வீட்டில் இருந்துவிட்டு, ஐப்பசியில்தான் அவரும் ஊர் திரும்புவார். "இதுல என்னா அதிசயம்? நான் வரல?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

மேட்டுப்பாளையம் கம்பெனி ஒன்றில் போர்மேனாக இருந்த ராஜாங்கத்துக்கு அதிசயங்கள் ஒத்துக்கொள்ளாது. மூன்றாம் வருடம் கதவைச் சாத்தித் தாழ்போட்டார். நாரைகள் வாசலில் பொறுமையாக நின்றன. உள்ளே, பிடிக்க ஆளில்லாத மீன்கள் டைல்ஸிலிருந்து துள்ளிச் சோபாவில் விழத் தொடங்கின. தனக்கொடிதான் போய்த் தாழை நீக்கினாள்.

அவளுடைய கவலை வேறு. மகள் கலைவாணிக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலில் வந்தவர்கள் மீன் வாடை என்று மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள். அடுத்து வந்தவர்கள் வீட்டில் ஏதோ தோஷம் என்றார்கள். கலைவாணி பட்டுப்புடவையை மடித்து வைத்ததைப் பார்த்துத் தனக்கொடி அடுப்படியில் நின்று அழுதாள். கருவடிக்குப்பத்திலிருந்து நிர்மலாதேவி தன் மகன் விஜய்க்குப் பெண் பார்க்க வந்த அன்று, காலையிலேயே தனக்கொடி நாரைகளிடம் கெஞ்சினாள்: "இன்னைக்கி ஒரு நாளு சும்மா இருங்க. எம் பொண்ணுக்காவ."

நாரைகள் சுவரோரம் மரியாதையாக நின்றன, காபி வரும்வரை. அப்புறம் ஒரு நாரைக்குப் பொறுக்கவில்லை. நடந்துபோய் விஜய்யின் நாற்காலிக்கு அடியில் அலகை விட்டு முழ நீள விரால் ஒன்றை இழுத்தது. மீன் வழுக்கி நிர்மலாதேவியின் மடியில் விழுந்தது.

நிர்மலாதேவி மீனை வாலைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். "நாட்டு விராலுங்க இது! மார்க்கெட்ல எங்க கெடைக்குது? வருசா வருசம் வருமா?"

"ஐப்பசிலேருந்து பொங்கல் மட்டும் இருக்கும்ங்க," என்றாள் தனக்கொடி, பயந்துகொண்டே.

தை மாதம் கல்யாணம் நடந்தது.

அதற்குப் பிறகு ஒரு வருடம் ஐப்பசி முழுக்க மழை இல்லை, நாரைகளும் இல்லை. வாசல் கதவைத் திறந்தே வைத்தவர் ராஜாங்கம்தான். காற்றுக்காக என்றார். அடிக்கடி அண்ணாந்து பார்ப்பானேன் என்று தனக்கொடி கேட்டதற்குக் கழுத்து வலி என்றார்.

கார்த்திகையில் ஒரு ஞாயிறு மதியம் அவை வந்தன. சாப்பிட்டு எழுந்த ராஜாங்கம் கூடத்தில் கால் வைத்தார். அதுவரை மனுஷர் காலுக்குக் காய்ந்தே இருந்த தரை, ஜில்லென்றது. வேட்டி முழங்கால் வரை நனைந்தது. பக்கத்திலேயே நின்ற தனக்கொடியின் காலில் ஒரு சொட்டு ஈரமில்லை.

"சின்னப் புள்ளையில இங்கதான் எருமை கழுவுவோம்," என்று ராஜாங்கம் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்துத் தனக்கொடி பார்த்ததில்லை.

"மனை வாங்கறப்பவே இதச் சொல்றதுக்கென்னா?"

"அப்ப ஞாபகம் வரலடி. தண்ணி காலுல பட்டதும்தான் வருது." இரண்டு நாரைகளுக்கு நடுவே புகுந்து, காலால் தண்ணீரை விலக்கிக்கொண்டு நடந்தார். "இங்க முட்டியளவுதான். அடுப்படிப் பக்கந்தான் ஆழம்."

தனக்கொடி அடுப்படிக்குப் போய், அரிசி டிரம்மைத் தூக்கி மேடைமேல் வைத்தாள்.