இடிமுகன் அடைக்காத கதவு

ஷிபு அந்த வீடியோ கேமுக்கு ஐந்துக்கு இரண்டு மதிப்பெண் போட்டிருந்தான். சண்டைகளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இடிமுகன் என்ற ரோபோ இரும்புக் கையை ஓங்கி இறக்கும்போது கன்ட்ரோலர் உள்ளங்கையில் அதிர்ந்தது. சிறுவயதில் பார்த்த கார்ட்டூனின் அதே நீலம், அதே கனத்த நடை. முடிவில்தான் கோட்டைவிட்டிருந்தார்கள். 'ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் ரோபோ தன் கொட்டகைக் கதவைத் திறந்துவைத்துக் காத்து நிற்கும். அதை வெட்டியவர்கள் கார்ட்டூனைப் பார்க்கவே இல்லை' என்று எழுதி அனுப்பினான். கோபத்தோடுதான் எழுதினான்.

மறுநாள் காலை ரெனிஷ் கூப்பிட்டான். ஷிபு விமர்சனம் எழுதும் இணையதளத்தை நாகர்கோவிலில் இருந்து நடத்துகிறவன்.

"ஏலே, கதவத் தொறந்துகிட்டு நிக்கும்னு எழுதியிருக்கியே, எந்த எபிசோடு?"

"எல்லாத்துலயும் வரும்டே. கடைசியில."

"ஒண்ணுலயும் இல்ல மக்கா. நெட்டுல கெடக்கு, நான் ஓட்டிப் பாத்தாச்சு. சண்ட முடிஞ்ச ஒடனே சாமானம் உள்ள போயிரும். கதவு டமார்! நீ கனா கண்டு எழுதியிருக்க. சாயங்காலத்துக்குள்ள மாத்தித் தா. இல்லன்னா படிக்கியவன் நம்மள கிழிச்சித் தோரணம் கட்டிருவான்."

ஷிபு தேடி எடுத்துப் பார்த்தான். ஒன்பது முடிவுகளைப் பார்த்தபின் நிறுத்திவிட்டான். ஒன்பது முறையும் கதவு உடனே அடைபட்டது.

சிறுவயதில் அவன் எந்த முடிவையும் பார்த்ததில்லை. ஞாயிறு ஒன்பது மணிக்கு அடுத்த வீட்டு டிவியில் இடிமுகன். ஒன்பதேகாலுக்கு ஆலயத்தில் இரண்டாம் மணி. அப்பா வேதப்புத்தகத்தோடு வாசலில் வந்து நிற்பார். மீதியை அந்த வீட்டுத் தன்யா பார்த்துவைத்து, திங்கட்கிழமை இரணியலில் இருந்து தக்கலை போகும் பஸ்ஸில் சொல்வாள்.

"ஜெயிச்சாச்சு. ஆனா கதவ அடைக்காது."

"ஏன்?"

"அதுக்குள்ள இருந்து பாதியில எறங்கிப் போன பையன் திரும்பி வராண்டாமா?"

"எந்தப் பையன்? நான் பாத்ததே இல்லியே."

"அவன் எறங்கியது நீ போன பொறவுல்லா. மண்டூஸ்."

வாரம் தவறாமல் சொன்னாள். வாரம் தவறாமல் அவன், "பையன் வந்தானா?" என்று கேட்டான். "அடுத்த வாரம் பாப்போம்" என்பாள். பிறகு பள்ளிக்கூடம் முடிந்தது. கல்யாணமாகி அவள் மஸ்கட் போனாள்.

கேமை மறுபடி போட்டான். சண்டையை ஜெயித்து, வாசலில் இடிமுகனை நிறுத்தி வைக்க ஸ்டிக்கைப் பின்னால் இழுத்துப் பிடித்தான். அது கேட்கவில்லை. உள்ளே போனது. கதவு அடைபட்டது.

அந்தப் பையன் யாரென்று இப்போது அவனுக்குத் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை, கழுத்தில் அப்பிய பவுடர், வாசல்வரை போய்த் திரும்பி டிவியை மட்டும் பார்க்கிறவன்.

விமர்சனத்தில் மதிப்பெண் இரண்டை நான்காக்கினான். ரோபோ காத்து நிற்கும் என்று எழுதிய பத்தியை ஒருமுறை வாசித்துவிட்டு அழித்தான். பழைய வகுப்பு வாட்ஸப் குழுவில் தன்யாவின் எண் இருந்தது. படத்தில் இரண்டு குழந்தைகள். வெகுநேரம் யோசித்து ஒரு வரி அனுப்பினான்.

"இடிமுகன் நிக்கவே இல்ல தன்யா."

அவன் சாயா குடித்து முடிப்பதற்குள் பதில் வந்தது.

"இப்பதான் பாத்தியா?"

அதன்பிறகும் அவள் ஏதோ டைப் செய்வதாகக் காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. நின்றது.

நடுவில் ரெனிஷ் கூப்பிட்டான். ஷிபு எடுக்கவில்லை. போன் திரை மங்கும்போதெல்லாம் விரலால் தொட்டு, அணையவிடாமல் வைத்திருந்தான்.