பதினைந்தாவது விண்ணப்பம்

அந்த மேல்நிலைப் பள்ளியில் எந்தப் பொருளும் கீழே விழாமல் நாற்பத்தொரு நாட்கள் ஆகியிருந்தன. இயற்பியல் பாடத்தை நிறுத்திய திங்கட்கிழமை, இரண்டாம் பாடவேளையில் இது தொடங்கியது. ஓர் ஆசிரியை கை நழுவவிட்ட சுண்ணக்கட்டி அவர் இடுப்புயரத்தில் நின்றுவிட்டது. நடப்பவர்களுக்குத் தொல்லை இல்லை. கையை விட்டுப் போனவை மட்டும் போன இடத்திலேயே நின்றன. பெருக்கும் அம்மா துடைப்பத்தை மூலையில் சாத்திவிட்டு, அந்தரத்தில் நின்ற காகிதத் துண்டுகளைப் பறித்துப் பறித்துக் கூடைக்குள் அமுக்கி மூடினார். குனிகிற வேலை இல்லை, முதுகு தேவலை என்றார். மழை பெய்த அன்று துளிகள் தலையுயரத்தில் நின்றுகொண்டன. பிள்ளைகள் குனிந்து வகுப்புக்குப் போனார்கள். முந்தைய ஆண்டு புவியியலை நிறுத்தியபோது வடக்குச் சன்னலில் காலை வெயில் வந்தது. அப்போது திரைச்சீலைகளை மாற்றிப் போட்டுக்கொண்டார்கள். இதுவும் அப்படியே பழகிப்போனது. தலைமையாசிரியை கல்வித் துறைக்கு எழுதித் தெரிவித்தார். உடைசல் குறைந்துவிட்டபடியால் அடுத்த ஆண்டுக்கான தளவாட நிதியும் குறைக்கப்படுகிறது என்று பதில் வந்தது.

இயற்பியல் ஆசிரியருக்கு விளையாட்டுப் பாடவேளைகளைக் கொடுத்தார்கள். வேலை போகவில்லையே, அதுவே பெரிது என்று சக ஆசிரியர்கள் சொன்னார்கள். அவரும் ஆமாம் என்றார். அவருக்குக் கோபம் வரவில்லை. வருத்தமும் வந்ததா என்று சொல்வதற்கில்லை. மேலே போன பந்து மேலேயே நிற்கும். மாலையில் பிள்ளைகள் போன பிறகு ஏணி போட்டு ஒவ்வொன்றாக எடுத்து வலைப்பையில் போட்டுக் கட்டிவைத்துவிட்டு வீட்டுக்குப் போவார்.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் அவர் விடவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் முதன்முதலாக நிதியைக் குறைத்த கையோடு துறை ஒரு விதி வைத்திருந்தது: பதினொன்றாம் வகுப்பில் பதினைந்து பேராவது கேட்காத பாடம் நிறுத்தப்படும். பத்தாம் வகுப்பின் விருப்ப விண்ணப்பங்களை வாங்கி எண்ணியவர் அவர்தான். இயற்பியலுக்குப் பதினான்கு இருந்தன. ஆசிரியரின் பிள்ளை அங்கேயே படித்தால் அந்தப் பிள்ளையின் தாளைப் பெற்றவர் தொடக்கூடாது என்பது அந்தப் பள்ளியின் வழக்கம். உறையில் போட்டு ஒட்டி நேரே தலைமையாசிரியைக்குப் போய்விடும். அவர் மகளின் விண்ணப்பமும் அப்படித்தான் போனது. அவர் வீட்டில்கூடக் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? கையில் பதினான்கு, உறையில் ஒன்று, ஆகப் பதினைந்து.

துறையின் பட்டியலில் பதினான்கு என்றே வந்தது. உறையை யாரோ பிரிக்க மறந்துவிட்டார்கள் என்று அவர் முடிவுகட்டி மனு எழுதினார். அந்தப் பதினான்கு பேரும் வணிகவியல் வகுப்பின் கடைசி வரிசைகளில் உட்கார்ந்து முன்னே இருப்பவர்களின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் மகளும் அதே வகுப்பில்தான் இருந்தாள். மூன்றாவது மனுவுக்குப் பதில் வந்தது: நாற்பத்திரண்டாம் நாள் அதிகாரி நேரில் வந்து, ஆசிரியர் முன்னிலையில் உறையைப் பிரித்து எண்ணுவார். பதினைந்து இருந்தால் பாடம் திரும்பி வரும். இல்லாவிட்டால் ஆய்வகத்தைப் பழைய மேசைகள் போட்டுவைக்கக் கொடுத்துவிடுவார்கள். பாடத்தின் பெயரும் பள்ளிப் பதிவிலிருந்து போய்விடும்.

"விட்டுடுங்க சார்," என்றார் தலைமையாசிரியை, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. ஏன் என்று அவர் கேட்கவில்லை, தலைமையாசிரியையும் சொல்லவில்லை.

நாற்பத்தொன்றாம் நாள் மாலை மகள் அவரோடு திடலில் நின்றாள். கடைசிப் பந்து வேப்பமர உயரத்தில் இருந்தது. அவர் ஏறினார், அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டாள். ஏணி விழாது என்று இருவருக்கும் தெரியும். ஆனாலும் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்கு அந்தக் கவரப் பிரிக்க வேணாம்பா."

"பிரிச்சாத்தானம்மா கணக்கு சரியாகும்? நம்ம ஆபீஸ் லட்சணம் தெரியாதா உனக்கு? டீ கிளாசுக்கு அடியில வச்சிருப்பாங்க."

அவள் சிரிக்கவில்லை. "மூணு வருஷமா வோல்ட்மீட்டர் வாங்கக் காசு வரலன்னு போர்டுல வரஞ்சு காட்டுனீங்க. முள்ளு எங்க நிக்கணுமோ, அதையும் நீங்களே வரஞ்சீங்க."

"நல்லாத்தான வரஞ்சேன்?"

"நல்லாத்தான் வரஞ்சீங்க. ஆனா அந்த முள்ளு ஒரு நாளும் நகரலையேப்பா."

இறங்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. பந்தைப் பக்கத்துக் காற்றில் வைத்துவிட்டு, ஒவ்வொரு படியாக அவர் இறங்கி வந்தார். வழக்கத்தை மீறி, மதிப்பெண் கேட்கிற குரலில், கவருக்குள் என்ன எழுதியிருக்கிறாய் என்று முதல்முறையாகக் கேட்டார்.

"காமர்ஸ்," என்றாள். "பிசிக்ஸ் நான் கேக்கவே இல்லப்பா."