மூடி அழுத்தும் மேசை

மார்ச் 11, செவ்வாய்.

நேற்று எழுதியதில் ஒரு பிழை. பாட்டுப் பிளேயரை உடனே சந்தையில் இறக்கலாமா வேண்டாமா என்று முதலாளி எங்களைக் கேட்டதாக எழுதியிருக்கிறேன். அவர் எங்களைக் கேட்கவில்லை. எங்கள் பக்கம் திரும்பி நின்று கேட்டார், அவ்வளவுதான். "இறக்கலாம்" என்று பதில் சொன்னவர்கள் மேல்மாடியில் கணிப்பொறி முன் உட்காருகிறவர்கள். நாங்கள் கை தட்டினோம். பார்த்ததையும் நினைத்ததையும் பிரித்து எழுது என்று மாலை வகுப்பு ஆசிரியர் சொல்வார். எனக்கு இன்னும் வரவில்லை. இன்று முயல்கிறேன்.

விடிவதற்கு முன்பே வரிசை ஓடத் தொடங்கியது. ஈயப் புகை கண்ணைக் கரித்தது. என் வேலை, பிளேயரின் கூட்டுக்குள் பேட்டரியை வைத்து இரண்டு கம்பிகளைப் பற்றவைப்பது. அடுத்த மேசை என் அண்ணியுடையது. பின்மூடியை வைத்து, இரும்புக் கைப்பிடியை இறக்கி அழுத்தி, மூலைக்கொரு திருகு முடுக்க வேண்டும். நிமிர்ந்து முதுகை நீட்டினால் தட்டில் வேலை குவிந்துவிடும்.

முன்பெல்லாம் பேட்டரிகளுக்குச் சார்ஜ் ஏற்றி அலமாரியில் சில நாள் கிடத்துவோம். உப்பியவை மணல் தொட்டிக்குப் போகும், உப்பாதவை வரிசைக்கு வரும். சாஃப்ட்வேர் கம்பெனி இந்தத் தொழிற்சாலையை வாங்கியதும் முதலில் காணாமல் போனது அந்த அலமாரிதான். கண்காட்சிக்கு முன் பிளேயர் கடைக்குப் போக வேண்டுமாம்.

அண்ணி ஒரு பிளேயரைத் தூக்கிக் காட்டினாள். "ஏய், இது மாசமா இருக்குடி. மூடி எப்படி உக்காரும்?"

நான் சிரித்தேன். சூப்பர்வைசர் சிடுமூஞ்சி வந்து நின்றார். "அழுத்தும்மா. அழுத்தினா உக்காரும். அதுக்கென்ன மெத்தையா போட்டுத் தரணும்?"

அண்ணி அழுத்தினாள்.

முதலில் ஒரு சீறல். பிறகு வெள்ளை நெருப்பு அவள் கையிலிருந்தே முளைத்தது போலிருந்தது. கையுறை உருகித் தோலோடு ஒட்டியது. அதை உதற முயன்றாள். உதறியபோது வந்தது கையுறை மட்டுமல்ல. அவள் கத்தினாளா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கத்தியது நானாக இருக்கலாம். தட்டிலிருந்த மற்ற பேட்டரிகளும் ஒவ்வொன்றாக வெடித்தன. கறுத்த புகை தொண்டையைப் பிடித்து நெரித்தது.

கதவுக்கு ஓடினோம். வெளியே பூட்டியிருந்தது.

"கதவைத் திறடா!"

"முன்னால முதலீடு போட வந்தவங்க நிக்கிறாங்க. கொஞ்சம் பொறுங்க, புகை அடங்கட்டும்" என்றான் வெளியிலிருந்து காவலாளி.

பெட்டி கட்டும் பிரிவில் தடியன் என்று ஒருவர் உண்டு. அண்ணியின் மேசையிலிருந்து கைப்பிடியைப் பிடுங்கிக் கதவின் மேல் இறக்கினார். அது பிளக்கும் வரை இறக்கினார். அண்ணியைத் தூக்கிக்கொண்டு வெளியே விழுந்தோம். விழுந்தவர்கள் முதுகில் காவலாளிகளின் தடிகள் இறங்கின. தடியனின் நெற்றி கிழிந்து கண்ணுக்குள் ரத்தம் வழிந்தது. அண்ணியின் தலைமுடியைப் பற்றி இழுத்த ஒருவனின் மணிக்கட்டை நான் கடித்தேன். அவன் விட்ட பிறகும் நான் விடவில்லை. இதை வருத்தத்தோடு எழுதப் பார்த்தேன். வருத்தம் வரவில்லை.

சரக்கு வேன் ஓட்டுநர் யாரையும் கேட்காமல் அண்ணியை ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்குப் பறந்தார். அதன் பிறகுதான் முதலாளி வந்தார். காலணியில் கரி படாமல் பார்த்துப் பார்த்து நடந்தார்.

"முதல் பதிப்புல குறை இருக்கத்தான் செய்யும். எங்க தொழில்ல முதல்ல வெளியிடுவோம், அப்புறம் சரிபண்ணுவோம்."

"அவ விரலுக்கு ரெண்டாம் பதிப்பு எப்ப சார் வரும்?" என்றார் தடியன்.

முதலாளி அவரைப் பார்க்கவில்லை. "மத்த கம்பெனி முந்திக்கிட்டா இந்தக் கட்டடமே இருக்காது. உங்க பொழப்புக்காகத்தான் சொல்றேன்."

"பொழப்புக்காகன்னா அலமாரியத் திருப்பி வைங்க."

"அதுக்கு நேரமில்ல. எரிஞ்சது ஒரு மேசை. இன்னொரு வரிசை ஏன் சும்மா நிக்குது?" அவர் விரல் என் பக்கம் நீண்டது. "மூடி அழுத்த இந்தப் பொண்ண உக்கார வை. பக்கத்துல இருந்து பாத்தவதானே. உக்கார மாட்டேன்னா வீட்டுக்கு அனுப்பு."

சிடுமூஞ்சி என் முழங்கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனார். இரண்டாவது வரிசை ஆட்களை அதற்குள் திரும்ப உட்கார வைத்திருந்தார்கள். மூடி அழுத்தும் மேசையின் தட்டில் பேட்டரி வைத்த பிளேயர்கள் காத்திருந்தன. மேலே கிடந்ததே உப்பியிருந்தது. நான் உட்கார்ந்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். என் கால் மடங்கத் தொடங்கியது உண்மை.

அந்த வரிசையில் கம்பி பற்றவைக்கும், நாங்கள் பாட்டுக்காரி என்றழைக்கும் அக்கா எழுந்து வந்து என் முக்காலியை எட்டி உதைத்தாள். அது உருண்டு சுவரில் மோதி உடைந்தது.

"உக்காந்து பாரு, உன் மூக்க உடைக்கிறேன்" என்றாள். பிறகு தன் சூட்டுக்கோலின் இணைப்பைப் பிடுங்கி எறிந்தாள். அடுத்தவள் பிடுங்கினாள். வரிசை முழுக்கச் சூட்டுக்கோல்களின் விளக்குகள் அணைந்தன.

அப்போது மாடிப்படியில் காலடிச் சத்தம். மேல்மாடிக்காரர்கள் இறங்கி வந்தார்கள். முன்னால் வந்தவன் கண்ணாடி என்று நாங்கள் கேலி செய்யும் நிரல் எழுதுபவன்.

"நேத்து இறக்கலாம்னு சொன்னவங்கள்ல நானும் ஒருத்தன். பேட்டரி உப்புறது எங்க சோதனையிலயே தெரிஞ்சுது. சொன்னோம். அடுத்த பதிப்புல பாக்கலாம்னாங்க. நாங்களும் சரின்னுட்டோம்."

தடியன் அவனை ஓங்கி அறைந்தார். மூக்குக்கண்ணாடி பறந்து விழுந்தது. அவன் குனிந்து தடவி எடுத்தான். ஒரு பக்கச் சில்லு போயிருந்தது. அதையே மாட்டிக்கொண்டான்.

"அடிச்சிட்டீங்கல்ல. இப்ப சொல்லுங்க, நான் எங்க நிக்கணும்?"

பாட்டுக்காரி அக்கா சற்று நகர்ந்து இடம் விட்டாள்.

"நாளைக்குக் காலைல லாரியில வேற ஆளுங்க வருவாங்க" என்று வாசலில் நின்று முதலாளி கத்தினார். "எல்லாரும் வெளிய போங்க!" எங்களை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள்.

இன்று வகுப்புக்குப் போகவில்லை. மருத்துவமனைப் படிகளில் இரண்டு மாடி ஆட்களும் கலந்து உட்கார்ந்திருந்தோம். அண்ணன் வெளியே வந்து, இரண்டு விரல் போய்விட்டது என்று சொல்லிவிட்டு, சுவரைக் குத்தினான். குத்திக்கொண்டே இருந்தான். தடியன் அவனைக் கட்டிப் பிடித்து நிறுத்தினார்.

"லாரி வரட்டும். அடிச்சு நொறுக்கிடுவோம்" என்றார் தடியன்.

"லாரியில வர்றவளும் மூடி அழுத்தத்தான் வர்றா" என்றாள் பாட்டுக்காரி அக்கா. "அவ மண்டைய உடைச்சிட்டு யார்கூட நிக்கப் போற? பேசணும். பக்கத்துல இருந்து பாத்தவதான் பேசணும்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"எனக்குக் கோர்வையாப் பேச வராதுக்கா."

"கோர்வை எதுக்குடி? பாத்தத மட்டும் சொல்லு."

"சோதனையில வந்தத நான் சொல்றேன்" என்றான் கண்ணாடி.

நாளைய வேலை: விடியும் முன் வாசலில் நிற்பது. லாரி நின்றதும் பின்பலகையைப் பிடித்து ஏறி, வந்தவர்கள் இறங்குவதற்கு முன் அவர்களிடம் பேசுவது.