நாற்பத்தோரு ரசிகர்கள்

பதிவு மேஜைக்கு முன்னால் வந்து நின்ற பெரிய மீசைக்காரர், "ஈரக்குடை" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஈரக்குடை ஒரு பெண். என் உயிர்த்தோழி. நேரில் ஒருநாளும் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

"யாரு?" என்றேன்.

"ஈரக்குடை. நான்தாம்மா" என்று சொல்லிவிட்டு, சந்தேகத்தோடு தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். அதில் நீல மையில் எழுதியிருந்தது.

நான் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே பிரிவில் வேலை பார்க்கிறேன். மிச்ச நேரத்தில், அதே ஆஸ்பத்திரியில் லிப்ட் இயக்கும் ஒரு பெண்ணைப் பற்றி எண்பது நிமிடப் படம் எடுத்து முடித்திருந்தேன். படம் எடுப்பது கஷ்டம் என்பார்கள். அதைவிடக் கஷ்டம், பார்க்க ஆள் பிடிப்பது. வெள்ளிக்கிழமைதோறும் ஒரு நிமிடத் துணுக்கையும் ஒரு கடிதத்தையும் இணையத்தில் போட்டுவந்தேன். முதல் ஆறு மாதம் ஈ, காக்கை எட்டிப் பார்க்கவில்லை. பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். ஈரக்குடை, பழைய ரேடியோ, உப்புக்காற்று என்று ஆளுக்கொரு புனைபெயர். ஒருவர் லிப்டின் சத்தத்தைப் பாராட்டுவார், இன்னொருவர் நடிகையின் கண்ணைப் பாராட்டுவார். நான் தரையில் நடப்பதையே விட்டுவிட்டேன்.

அந்த ரசிகர் பட்டியலைக் காட்டித்தான் ஒரு சின்னத் தியேட்டர்காரரைச் சம்மதிக்க வைத்தேன். அறுபது பேர் உட்காரும் ஹாலில் ஞாயிறு காலை முன்னோட்டக் காட்சி. அவர் வந்து பார்ப்பார். "உங்க ஆளுங்க நிஜமா இருக்காங்களான்னு நான் கண்ணால பாக்கணும். இருந்தா, ஒரு வாரம் என் தியேட்டர் உங்களுக்கு" என்று சொல்லியிருந்தார். எந்தத் தியேட்டரும் அதுவரை என் போனைக்கூட எடுத்ததில்லை.

மீசைக்காரருக்குப் பின்னால் ஒரு அம்மாள் நின்றிருந்தாள். "நான் பழைய... பழைய ஏதோ ஒண்ணு. இருங்க, வேர்வையில அழிஞ்சு போச்சு" என்று சேலைத் தலைப்பால் கையைத் துடைத்தாள். என் பக்கத்தில் பட்டியலை வைத்துக்கொண்டிருந்த கேமராக்காரி என்னைப் பார்த்தாள்.

"உங்களை யார் அனுப்பினது?"

"எங்க டிரைவிங் மாஸ்டர்" என்றார் மீசைக்காரர். "வந்து உட்கார்ந்தா ரெண்டு கிளாஸ் ப்ரீன்னாரு. பேர் சொல்லணும், முடிஞ்சதும் கைதட்டணும். அவ்வளவுதான்."

கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். வாசலில் பயிற்சிப் பள்ளியின் கார் நின்றது. பக்கத்தில் என் அண்ணன். ஒரு கையில் பேனா, இன்னொரு கையில் யாரோ ஒருவருடைய உள்ளங்கை.

என் அண்ணன்! வீட்டில் என் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதவன். எடிட்டிங்கில் உட்கார்ந்திருந்தால் கதவைத் தட்டி, "டைரக்டரம்மா, சாப்பாடு ஆறுது" என்பான். அவ்வளவுதான் அவனுக்கும் சினிமாவுக்கும் உள்ள சம்பந்தம் என்று நினைத்திருந்தேன்.

போய் அவன் சட்டையைப் பிடித்தேன். "எத்தனை பேர் நீ?"

அவன் மழுப்பவில்லை. "நாப்பத்தொண்ணு" என்றான்.

"எப்போ எழுதின இதையெல்லாம்?"

"அவங்க ரிவர்ஸ் எடுக்கப் பழகறப்ப எனக்கு வேற என்ன வேலை? பிரேக்ல காலை வச்சுக்கிட்டு எழுதுவேன்." பிறகு குரல் இறங்கியது. "முதல்ல ஒண்ணே ஒண்ணுதாண்டி ஆரம்பிச்சேன். ஆறு மாசமா நீ எழவு விழுந்த வீடு மாதிரி உட்கார்ந்திருந்த. ஈரக்குடை வந்த அன்னைக்குத்தான் சிரிச்ச. அப்புறம் நிறுத்த முடியல."

எனக்கு அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. ஈரக்குடைக்குத் தனியாக எவ்வளவு எழுதியிருக்கிறேன்! அதில் பாதி அண்ணனைத் திட்டித்தான். அவன் ஒரு மரக்கட்டை, ரசனை என்றால் கிலோ என்ன விலை என்று கேட்பவன், இவன் கூடப் பிறந்ததுதான் என் தலையெழுத்து என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் உடனே பதில் வரும். 'அந்த ஆளுக்கு என்னங்க தெரியும், விட்டுத் தள்ளுங்க. நீங்க உங்க வேலையைப் பாருங்க' என்று.

அதையும் இவன்தான் எழுதியிருக்கிறான். என்னோடு சேர்ந்து தன்னையே திட்டியிருக்கிறான்.

எனக்கு அவனை அறைய வேண்டும் போல இருந்தது. கட்டிப்பிடித்து அழ வேண்டும் போலவும் இருந்தது. ஈரக்குடை என்று ஒருத்தி இல்லவே இல்லை என்பது வேறு வலித்தது. இரண்டையும் செய்வதற்குள் தியேட்டர்காரர் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வந்துவிட்டார். எட்டிப் பார்த்து, "அடேயப்பா, ஹால் நிறைஞ்சிருக்கே!" என்றார்.

அண்ணன் என் காதருகே, "வாயைத் திறக்காத. ஒரு வாரம்டி" என்றான்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் இரண்டு வருடம் நான் ஏமாந்தது போதாதா, இந்த மனிதர் வேறு ஏமாற வேண்டுமா? "சார், இதுல நாப்பத்தோரு பேர் கார் ஓட்டக் கத்துக்க வந்தவங்க" என்றேன். "எல்லாரும் எங்க அண்ணன் அனுப்பின ஆளுங்க. என் படத்துக்குன்னு வந்தவங்க ஏழு பேர்தான்."

அவர் வாயைப் பிளந்தார். என்னைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், காரைப் பார்த்தார். போய்விடுவார் என்று நினைத்தேன்.

"வந்தது வந்துட்டேன். போடுங்க" என்று உள்ளே போய் உட்கார்ந்தார்.

அந்த எண்பது நிமிடமும் நான் திரையைப் பார்க்கவில்லை. பிடரிகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இறந்துபோன ஒருவரோடு அந்தப் பெண் லிப்டில் தனியாக இறங்கும் காட்சியில் யாரோ தும்மினார்கள். அவ்வளவுதான் சத்தம். படம் முடிந்தது, விளக்கைப் போட்டோம். ஒருவர்கூடக் கைதட்டவில்லை. இலவச வகுப்புக்காகவாவது தட்டியிருக்கலாம். எல்லாரும் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். என் கதை முடிந்தது என்று எண்ணிக்கொண்டேன்.

மீசைக்காரர்தான் முதலில் எழுந்தார். நேராக என்னிடம் வந்தார். "அந்தப் பொண்ணு இப்பவும் அங்கதான் வேலை பாக்குதா?" என்று கேட்டார். அது நடிகை, கதை நான் எழுதியது என்றேன். அவர் நம்பவில்லை. "எந்த லிப்ட்டுன்னு மட்டும் சொல்லும்மா, நான் போய்ப் பாக்கறேன்" என்று பிடிவாதமாக நின்றார். பின்னால் அந்த அம்மாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

தியேட்டர்காரர் வெளியே போகும்போது நின்றார். "ஒரு வாரம் தர முடியாது. நீங்க காட்டின பட்டியல் பொய். வியாழக்கிழமை காலைக் காட்சி ஒண்ணு தரேன். ஒண்ணே ஒண்ணு. அதுக்கு வர்றவங்களை யாரும் கூட்டிட்டு வரக்கூடாது, தானா வரணும்."

ஒரு காட்சி! பொய்யெல்லாம் கழித்த பிறகும் ஒரு காட்சி! யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று போனை எடுத்து, ஈரக்குடைக்கு எழுதப் போய், அப்படியே நின்றுவிட்டேன்.

அண்ணன் ஹால் கதவுக்கு வெளியே சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றிருந்தான்.

"படம் பாத்தியா?" என்றேன்.

"இல்ல. இங்கேயே நின்னுட்டேன்."

"எதுக்கு?"

"பாதியில எழுந்து வர்றவங்களைத் திருப்பி உள்ள அனுப்பத்தான்."

"எத்தனை பேர் வந்தாங்க?"

அவன் முகம் பேயறைந்தது போல் இருந்தது.

"யாருமே வரலடி" என்றான். "எண்பது நிமிஷம் நின்னேன். ஒருத்தர்கூட வரல."

"அடப்பாவி!" என்றேன். "நாப்பத்தோரு பேரா மாறி எனக்கு எழுதினியே, அந்த நாப்பத்தோரு பேர்ல ஒருத்தன்கூட என் படத்தை நம்பலையா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு, இல்லை என்றான்.